செட்டிநாட்டில் ஊருக்கு ஊர் பெட்ரோல் விலை எவ்வளவு மாறுகிறது? எந்தக் கணக்கால் சொல்வது?

செக்காலை கார்காரர்:
காரைக்குடியில் வாடகைக் கார் ஓட்டுகிறேன். கானாடுகாத்தான், ஆத்தங்குடி, பிள்ளையார்பட்டி, திருமயம் என்று சுற்றிப் பார்க்க வருகிறவர்களைக் கூட்டிப்போவதுதான் பிழைப்பு. முள் கீழே இறங்கும்போது எந்த ஊரில் இருக்கிறேனோ அங்கேயே பெட்ரோல் அடித்துவிடுவேன். பில்லை எல்லாம் டேஷ்போர்டில் போட்டு வைத்திருக்கிறேன். எடுத்துப் பார்த்தால் ஊருக்கு ஊர் காசுக் கணக்கில் வித்தியாசம் இருக்கிறது.

ஸ்டாண்டில் கூட இருக்கும் நண்பர் "செட்டிநாடு பூரா ஒரே விலைதான், நீ சும்மா குழம்பாதே" என்கிறார். மாறுகிறது என்று நான் சொல்ல, எவ்வளவு என்று கேட்கிறார். அங்கேதான் மாட்டிக்கொண்டேன். அதிக விலையிலிருந்து குறைந்த விலையைக் கழித்துச் சொன்னால் போதுமா? மகள் பத்தாம் வகுப்பு. அவள் புத்தகத்தில் வீச்சு, திட்ட விலக்கம், மாறுபாட்டுக் கெழு என்று மூன்று இருக்கின்றன. எதை எடுப்பது?

கணக்கு வாத்தியார்:
தம்பி, முதலில் ஒன்று சொல்லுங்கள். ஒரே நாளில் பல ஊர்களில் உள்ள வித்தியாசமா, ஒரே ஊரில் பல நாட்களில் உள்ள வித்தியாசமா? உங்கள் பில்கள் இரண்டையும் கலந்து வைத்திருக்கும். போன மாசம் தேவகோட்டையில் அடித்ததையும் இன்று திருப்பத்தூரில் அடித்ததையும் பக்கத்தில் வைத்தால் ஊர் மாறியதால் வந்ததா, நாள் மாறியதால் வந்ததா என்று பிரிக்க முடியாது. ஒரே நாளின் விலைகளை மட்டும் தனியே எடுங்கள்.

கணக்கு புரிவதற்காக நானே ஐந்து எண்களை வைத்துக்கொள்கிறேன். இவை உண்மை விலை இல்லை. 101.20, 101.35, 101.40, 101.50, 101.55.

வீச்சு: 101.55 கழித்தல் 101.20, அதாவது 35 காசு. கூட்டி ஐந்தால் வகுத்தால் சராசரி 101.40. ஒவ்வொன்றும் சராசரியிலிருந்து எவ்வளவு விலகுகிறது? 20 காசு குறைவு, 5 காசு குறைவு, பூஜ்யம், 10 காசு கூடுதல், 15 காசு கூடுதல். இந்த விலகல்களை அப்படியே கூட்டினால் பூஜ்யம்தான் வரும், எந்தப் பட்டியலுக்கும் அப்படித்தான். அதனால் வர்க்கப்படுத்துகிறோம். ரூபாயில் எழுதினால் 0.04, 0.0025, 0, 0.01, 0.0225. கூட்டுத்தொகை 0.075. ஐந்தால் வகுத்தால் 0.015. இதுதான் விலக்க வர்க்கச் சராசரி. வர்க்கமூலம் எடுத்தால் திட்ட விலக்கம் சுமார் 12 காசு.

வீச்சு இரண்டே பெட்ரோல் பங்குகளைப் பார்க்கிறது, கோடியில் இருக்கும் இரண்டை. நடுவில் இருக்கும் மூன்று ஊர்களும் என்ன விலை விற்றாலும் அதற்குக் கவலை இல்லை. திட்ட விலக்கம் ஐந்தையும் கேட்டுப் பதில் சொல்கிறது. நண்பரிடம் "சராசரி இவ்வளவு, அதிலிருந்து பொதுவாக 12 காசு இப்படி அப்படி" என்று சொன்னால் அது பதில்.

பள்ளத்தூரான்:
12 காசுக்கு ஒரு திட்ட விலக்கமா! வேலை இல்லாதவன் பூனையைச் சிரைத்தானாம்.

புதுவயல் ரைஸ்மில்:
பள்ளத்தூர் அண்ணே, பைக்குக்கு 200 ரூபாய்க்கு அடிக்கிறவருக்கு அது காசு. எங்கள் லாரிக்கு ஒரு தடவை 300 லிட்டர் டீசல் நிரப்புகிறோம். லிட்டருக்கு 30 காசு வித்தியாசம் என்றால் 90 ரூபாய். டிரைவருக்கும் லோடுமேனுக்கும் சாப்பாட்டுக்குத் தேறும். மாசத்துக்கு எத்தனை லோடு போகிறது என்று பெருக்கிக்கொள்ளுங்கள். நெல் வாங்குகிற சீசனில் எங்கே நிரப்பச் சொல்வது என்பது எங்களுக்கு நிஜமான கேள்வி.

ஆனால் அதற்காகச் சுற்றிப் போவது வீண். பைக் கணக்கையே பாருங்கள். லிட்டருக்கு 50 கிலோமீட்டர் ஓடும் வண்டி என்றால் கிலோமீட்டருக்கு 2 ரூபாய் ஆகிறது. 10 லிட்டரில் 30 காசு மிச்சம் பிடித்தால் 3 ரூபாய். ஆக, போய்வர ஒன்றரைக் கிலோமீட்டருக்கு மேல் சுற்றினாலே கைக்காசு போகும். போகிற வழியில் இருந்தால் மட்டும்தான் லாபம்.

புள்ளியியல் மாணவி:
வாத்தியார் ஐயா சொன்னதோடு இரண்டு சேர்க்கிறேன்.

முதலாவது, ஐந்தால் வகுப்பதா நான்கால் வகுப்பதா. செட்டிநாட்டில் இருக்கிற பங்குகளே அந்த ஐந்துதான் என்றால் ஐந்தால் வகுக்கலாம். ஆனால் கார்க்காரர் அண்ணன் நின்ற பங்குகள் ஒரு சாம்பிள்தான், பெரிய ஒரு கூட்டத்திலிருந்து கைக்கு வந்த சில. அப்போது ஒன்று குறைத்து நான்கால் வகுக்க வேண்டும். 12 காசு 14 காசாகும். எண்ணிக்கை ஐம்பது அறுபது என்று ஏறினால் இந்த வித்தியாசம் மறைந்துவிடும். எக்செல்லில் போடுகிறவர்கள் கவனியுங்கள், இரண்டுக்கும் தனித்தனி ஃபார்முலா இருக்கிறது.

இரண்டாவது, மாறுபாட்டுக் கெழு. திட்ட விலக்கத்தைச் சராசரியால் வகுத்து நூறால் பெருக்குவது. மேலே உள்ள ஐந்துக்கு 0.12 சதவீதம். தனியே பார்த்தால் இது பெரிசா சிறிசா என்று தெரியாது. ஒப்பிட ஒன்று வேண்டும். 2024 மார்ச் 15 அன்று நான்கு பெருநகரங்களில் பெட்ரோல் விலை: டெல்லி 94.72, மும்பை 104.21, சென்னை 100.75, கொல்கத்தா 103.94. சராசரி 100.91 ரூபாய், திட்ட விலக்கம் 3.82 ரூபாய் (நான்கால் வகுத்தது), மாறுபாட்டுக் கெழு 3.8 சதவீதம். அதே நாளில் டீசல்: 87.62, 92.15, 92.34, 90.76. திட்ட விலக்கம் 1.89, கெழு 2.1 சதவீதம்.

டீசலுக்கும் பெட்ரோலுக்கும் சராசரியே வேறு என்பதால் ரூபாயை ரூபாயோடு ஒப்பிடுவதைவிடக் கெழுவை ஒப்பிடுவது நியாயம். மாநிலத்துக்கு மாநிலம் டீசலைவிடப் பெட்ரோல்தான் அதிகம் மாறுகிறது என்று இதை வைத்துச் சொல்லலாம். நான்கு ஊரை வைத்து இந்தியா முழுவதற்கும் சொல்லிவிட முடியாது, அது வேறு.

பள்ளத்தூரான்:
சரி, மாநிலத்துக்கு மாநிலம் ஏன் என்பது தெரிந்த கதை, வரி. ஜிஎஸ்டிக்குள் கொண்டுவந்தால் ஒரே விலை ஆகிவிடும். அதற்கு எதற்குத் திட்ட விலக்கம்?

புள்ளியியல் மாணவி:
ஐயா, வரிதான் என்று ஊகமாகச் சொல்வதற்கும் எண்ணில் பார்ப்பதற்கும் வித்தியாசம் இருக்கிறது. 2024 மார்ச் 15 விலைக்குறைப்பையே எடுத்துக்கொள்ளுங்கள். "லிட்டருக்கு 2 ரூபாய் குறைப்பு" என்று எல்லாப் பத்திரிகையிலும் வந்தது. டெல்லியில் 96.72 என்பது 94.72 ஆனது, சரியாக 2 ரூபாய். மும்பையில் 106.31 என்பது 104.21, அதாவது 2.10. சென்னையில் 102.63 என்பது 100.75, அதாவது 1.88 மட்டும். தமிழ்நாட்டை ஏமாற்றிவிட்டார்கள் என்று அன்றைக்கு வாட்ஸ்அப்பில் ஓடியது எனக்கு ஞாபகம் இருக்கிறது.

இப்போது ஒவ்வொரு ஊரின் குறைப்பையும் அந்த ஊரின் வாட் (மாநில அரசின் விற்பனை வரி) சதவீதத்தால் உரித்துப் பாருங்கள். தமிழ்நாட்டில் பெட்ரோலுக்கு வாட் 13 சதவீதமும், அதோடு லிட்டருக்கு 11.52 ரூபாய் நிலையான தொகையும். 13 சதவீதம் ஏறினால் 1.13 மடங்கு ஆகும், அதனால் 1.88 வகுத்தல் 1.13, விடை 1.66. டெல்லியில் 19.4 சதவீதம். 2.00 வகுத்தல் 1.194, விடை 1.68. மும்பையில் அப்போது 26 சதவீதமும் மேலே நிலையான ஒரு கூடுதல் வரியும். 2.10 வகுத்தல் 1.26, விடை 1.67. மூன்று ஊரிலும் கம்பெனி குறைத்தது ஒரே தொகை, சுமார் 1 ரூபாய் 67 காசு. மேலே ஏறி உட்கார்ந்த சதவீத வரிதான் அதை வேறு வேறாகக் காட்டியது. நிலையான 11.52 ரூபாய் அசையவே அசையாது. அதனால்தான் நம்மூரில் குறையும்போது குறைவாகக் குறைகிறது. ஏறும்போதும் குறைவாகத்தான் ஏறும், அதை யாரும் ஸ்டேட்டஸில் போடுவதில்லை.

கணக்கு வாத்தியார்:
அருமையம்மா. இதை நான் வகுப்பில் இருக்கும்போது யாராவது சொல்லியிருந்தால் ஒரு பாடமே நடத்தியிருப்பேன். எல்லா எண்ணிலிருந்தும் ஒரே தொகையைக் கழித்தால் திட்ட விலக்கம் மாறாது, ஒரே எண்ணால் பெருக்கினால் அதே மடங்கு மாறும் என்று பத்தாம் வகுப்பில் இரண்டு பண்புகள் உண்டு. பிள்ளைகள் மனப்பாடம் செய்துவிட்டுப் போய்விடுவார்கள். நான்கு நகரங்களுக்கும் குறைப்புக்கு முந்தைய திட்ட விலக்கம் போட்டுப் பார்த்தேன் (கொல்கத்தா அப்போது 106.03). 3.86 வருகிறது. குறைத்த பிறகு 3.82. ஏறக்குறைய ஒரே தொகை கழிந்தது, விலக்கமும் ஏறக்குறைய அப்படியே நிற்கிறது.

தேவகோட்டை ரஸ்தா:
மாநிலத்துக்குள்ளே வாட் ஒன்றுதான், கலால் வரி ஒன்றுதான். அப்படியிருக்க காரைக்குடிக்கும் பொன்னமராவதிக்கும் எதற்கு வித்தியாசம் என்று கேட்பவர்களுக்கு: டேங்கர் வாடகை. சென்னை மணலியிலிருந்து திருச்சி வழியாக மதுரை வரை குழாயிலேயே பெட்ரோலும் டீசலும் வருகின்றன. குழாய் நிற்கும் இடத்திலிருந்து பங்கு வரை லாரி. உங்கள் பங்குக்கு எந்த டெர்மினலிலிருந்து (எண்ணெய்க் கிடங்கு) லோடு வருகிறது, எத்தனை கிலோமீட்டர் என்பது விலையில் ஏறும். அந்த வாடகையின் மேலும் 13 சதவீதம் வாட் உட்காரும். அதாவது வாடகை 20 காசு அதிகம் என்றால் போர்டில் சுமார் 23 காசு தெரியும்.

செட்டிநாடு என்பது ஒரு மாவட்டம் இல்லை என்பதையும் மறக்க வேண்டாம். காரைக்குடி, தேவகோட்டை, திருப்பத்தூர் எல்லாம் சிவகங்கை. திருமயம், பொன்னமராவதி, ராயவரம் பக்கமெல்லாம் புதுக்கோட்டை. இணையத்தில் மாவட்டம்வாரியாக ஒரு விலை போடுகிறார்களே, "சிவகங்கை இன்றைய விலை" என்று, அதை எடுத்து ஊர் வித்தியாசம் கணக்குப் போட்டால் ஒரு மாவட்டத்துக்கு ஒரே எண்தான் கிடைக்கும். நமக்கு வேண்டியது அதற்குள்ளே இருக்கும் மாறுதல். பங்கு போர்டைப் பார்த்து எழுதுவதற்கு ஈடு எதுவும் இல்லை.

இன்னொன்று. 2024 அக்டோபர் 30 முதல் டீலர் கமிஷனை ஏற்றினார்கள், பெட்ரோலுக்கு லிட்டருக்கு 65 காசு, டீசலுக்கு 44 காசு. அதே நேரத்தில் மாநிலத்துக்குள் போக்குவரத்துச் செலவைச் சீராக்குகிறோம் என்றும் எண்ணெய்க் கம்பெனிகள் அறிவித்தன. டெர்மினலிலிருந்து தூரமாக உள்ள ஊர்களுக்கும் பக்கத்து ஊர்களுக்கும் இருந்த இடைவெளியைக் குறைப்பதுதான் நோக்கம். அதனால் அந்தத் தேதிக்கு முந்தைய பில்லையும் பிந்தைய பில்லையும் ஒரே பட்டியலில் போடாதீர்கள். இரண்டாகப் பிரித்துத் தனித்தனியே திட்ட விலக்கம் போட்டால் அறிவித்தபடி நம்மூரில் இடைவெளி சுருங்கியதா என்பதே தெரிந்துவிடும். இந்த இழையில் உருப்படியான கேள்வி இதுதான் என்பேன்.

செக்காலை கார்காரர்:
அண்ணே, 2022 பில்கூட என்னிடம் கொஞ்சம் கிடக்கிறது. நாளுக்கு நாள் மாறுவதையும் ஒரு கை பார்க்கலாம் என்று தோன்றுகிறது. தினமும் காலை 6 மணிக்கு விலை மாறுகிறதே.

பள்ளத்தூரான்:
2017 ஜூன் 16 முதல் தினசரி விலை என்றார்கள். எங்கே மாறுகிறது? மாசக்கணக்கில் அப்படியே நிற்கிறது. இதற்கு என்ன கெழு?

புள்ளியியல் மாணவி:
பள்ளத்தூர் ஐயா, நீங்கள் கிண்டலாகக் கேட்டாலும் இதுதான் எனக்குப் பிடித்த கணக்கு. 2022-இல் சென்னைப் பெட்ரோல் விலையை 365 நாளுக்கும் வரிசையாக எழுதுங்கள். ஜனவரி 1 முதல் மார்ச் 21 வரை 80 நாள் 101.40. மார்ச் 22 முதல் ஏப்ரல் 6 வரை 16 நாளில் 14 தடவை ஏற்றினார்கள், மொத்தம் லிட்டருக்குச் சுமார் ஒன்பதரை ரூபாய். ஏப்ரல் 6 முதல் மே 21 வரை 46 நாள் 110.85. மே 22-இல் மத்திய அரசு கலால் வரியைக் குறைத்ததும் 102.63. வருஷக் கடைசி வரை 224 நாள் அதே 102.63.

இப்போது அளவைகளைப் போடுங்கள். வீச்சு 9.45 ரூபாய். திட்ட விலக்கம் சுமார் 3 ரூபாய். விலைகளை ஏறுவரிசையில் அடுக்கினால் இடைநிலை அளவு, அதாவது நட்டநடுவில் நிற்கும் விலை, 102.63. முதல் கால்மானம், அதாவது வரிசையில் கால்வாசியில் நிற்கும் விலை? அதுவும் 102.63. மூன்றாம் கால்மானம், முக்கால்வாசியில் நிற்கும் விலை? அதுவும் 102.63. இந்த இரண்டு கால்மானங்களுக்கும் நடுவே உள்ள கால்மான இடைவெளி பூஜ்யம்!

பெட்ரோல் 110 ரூபாய் தொட்ட வருஷத்தை ஒரு அளவை "ஒன்றுமே நடக்கவில்லை" என்கிறது. கணக்கில் தவறில்லை, 365-இல் 224 நாள் ஒரே விலை என்றால் அப்படித்தான் வரும். கோடியில் இருப்பதைக் கண்டுகொள்ளாமல் இருப்பதுதான் கால்மானத்தின் வேலை. ஆனால் அந்த 46 நாளில் காரோட்டியவருக்கு அந்தக் கோடிதான் விஷயம். திட்ட விலக்கமும் முழுக்கதையைச் சொல்லாது. தினமும் 3 ரூபாய் ஆடியது என்று நினைத்துக்கொள்வீர்கள். நடந்தது பதினாறு நாள் ஏற்றம், ஒரு நாள் இறக்கம், மற்ற நாள் எல்லாம் சும்மா. அதனால் நாள்கணக்குக்கு ஒரு எண்ணோடு நிறுத்தாமல் கட்டாயம் கோடு போட்டுப் பாருங்கள், கிராஃப் தாளில் கையால் போட்டாலும் போதும்.

புதுவயல் ரைஸ்மில்:
நான் சொல்ல நினைத்ததை விட்டுவிட்டேன். விலையில் 12 காசு 14 காசு என்று பேசுகிறோம். அளவில்? ஒவ்வொரு பங்கிலும் அரசு முத்திரை போட்ட 5 லிட்டர் கேன் இருக்க வேண்டும், நாம் கேட்டால் அதில் பிடித்துக் காட்ட வேண்டும். அதில் 25 மில்லி வரை கூடக்குறைய இருந்தால் விதிப்படி சரி. 5 லிட்டரில் 25 மில்லி என்பது அரை சதவீதம். 101.40 ரூபாய் விலையில் லிட்டருக்கு 50 காசு. நீங்கள் ஊர் ஊராக அளக்கிற வித்தியாசத்தைவிட அனுமதிக்கப்பட்ட அளவுப் பிழை பெரிசு.

ஒரு ஊரில், பெயர் வேண்டாம், போர்டில் விலை நாலு காசு கம்மி என்று போய் நிரப்பினோம். கேனில் பிடித்துக் காட்டுங்கள் என்றதும் கேன் வைத்த ரூம் சாவி ஓனர் வீட்டில் இருக்கிறது என்றார்கள். அப்புறம் நாலு காசுக்காக அந்தப் பக்கம் போகிற எண்ணமே போய்விட்டது.

கணக்கு வாத்தியார்:
நல்ல பிடி. அனுமதித்த எல்லை அரை சதவீதம் என்பதால் எல்லாப் பங்கிலும் அரை சதவீதம் குறைகிறது என்று அர்த்தமில்லை, சில இடத்தில் கூடவும் வரும். ஆனாலும் இரண்டு பங்குகளுக்கு நடுவே 10 காசு வித்தியாசத்தை வைத்து "அங்கே மலிவு" என்று தீர்ப்புச் சொல்ல முடியாது என்பது சரி.

நூறடி ரோடு:
எல்லாரும் காரைக்காலுக்குப் போய் அடிங்கள், புதுச்சேரி வரி, பல ரூபாய் கம்மி.

புதுவயல் ரைஸ்மில்:
துறைமுகத்துக்கு லோடு போகும்போது நிரப்பிக்கொண்டுதான் வருகிறோம். காரைக்குடியிலிருந்து அதற்கென்றே போனால் டேங்க் காலியாகத்தான் அங்கே போய்ச் சேரும் தம்பி.

செக்காலை கார்காரர்:
இப்போது தெளிவாகிவிட்டது. அடுத்த ஞாயிறு ஒரே நாளில் விலை எழுதலாம் என்று இருக்கிறேன். காரைக்குடி, கோட்டையூர், பள்ளத்தூர், தேவகோட்டை, திருப்பத்தூர், திருமயம், பொன்னமராவதி. அந்தந்த ஊர்க்காரர்கள் போர்டைப் போட்டோ எடுத்து இங்கே போட முடியுமா?

தேவகோட்டை ரஸ்தா:
தேவகோட்டை என் பொறுப்பு. போட்டோ எடுக்கும்போது சாதா பெட்ரோல் விலையை மட்டும் எடுங்கள். பிரீமியம் பெட்ரோலைத் தெரியாமல் சேர்த்துவிட்டால் அந்த ஒன்றே திட்ட விலக்கத்தைத் தூக்கிவிடும். எந்தக் கம்பெனி பங்கு என்றும் எழுதுங்கள். ஒரே ஊரில் இரண்டு கம்பெனி விலை எடுத்தால் ஊருக்குள்ளே இருக்கும் வித்தியாசம், ஊருக்கு ஊர் வித்தியாசம் என்று பிரித்துப் பார்க்கலாம்.

பள்ளத்தூரான்:
பள்ளத்தூர் போர்டை நான் எடுத்து அனுப்புகிறேன். வித்தியாசம் இல்லை என்று வந்தால் எல்லாரும் ஒப்புக்கொள்ள வேண்டும்.

செக்காலை கார்காரர்:
சந்தோஷம் அண்ணே. கடைசியாக ஒரு சந்தேகம். வண்டி வாடகைக்குக் கிலோமீட்டர் ரேட் போட எனக்கு "சராசரி பெட்ரோல் விலை" வேண்டும். பில்லில் உள்ள விலைகளைக் கூட்டி, பில் எண்ணிக்கையால் வகுக்கலாமா? நான் எப்போதும் 500 ரூபாய்க்கு அடி என்றுதான் சொல்வேன்.

கணக்கு வாத்தியார்:
கூடாது. 500 ரூபாய்க்கு அடித்தால் விலை குறைந்த நாளில் அதிக லிட்டர் வாங்குகிறீர்கள், விலை ஏறிய நாளில் குறைந்த லிட்டர். மேலே வந்த 2022 விலையையே வைத்துப் பாருங்கள். 101.40 விலையில் 500 ரூபாய்க்கு 4.93 லிட்டர். 110.85 விலையில் 500 ரூபாய்க்கு 4.51 லிட்டர். ஆயிரம் ரூபாய்க்கு மொத்தம் 9.44 லிட்டர். நீங்கள் கொடுத்த உண்மையான சராசரி லிட்டருக்கு 105.91. இரண்டு விலையையும் கூட்டி இரண்டால் வகுத்தால் 106.13 வரும், 20 காசுக்கு மேல் அதிகம். எத்தனை பில் இருந்தாலும் மொத்தம் கொடுத்த ரூபாயை மொத்தம் வாங்கிய லிட்டரால் வகுங்கள். ஊர் வித்தியாசத்துக்கு அது வேண்டாம், அங்கே ஒவ்வொரு பங்கும் ஒரு ஓட்டு.

செக்காலை கார்காரர்:
அப்போ ஷீட்டில் லிட்டருக்கும் ஒரு கட்டம் வேண்டும். மகளிடம் சொல்லிவிட்டேன், இன்று ராத்திரி போட்டுத் தருகிறாள். தேதி, ஊர், கம்பெனி, விலை, லிட்டர்.

புதுவயல் ரைஸ்மில்:
டீசலுக்குத் தனி ஷீட் போடச் சொல்லுங்கள். புதுவயல், கண்டனூர் போர்டு இரண்டும் ஞாயிறு காலை 8 மணிக்குள் அனுப்பிவிடுகிறேன்.